பரவளையம் பள்ளிக்கூடம் வந்த வரலாறு

லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் மியூசியத்தில், பி.எம். 13901 என்று எண்ணிட்டுப் பாதுகாக்கப்பட்டுவரும் களிமண் பலகை ஒன்று உண்டு. யூப்ரடீஸ், டைகிரிஸ் என்னும் இரு நதிகளுக்கும் இடைப்பட்ட பாபிலோனிய தேசத்தில், ஏறக்குறைய மூவாயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், ஈரம் உலராத மண்ணில் நாணற்குச்சியின் முனையை அழுத்தி அழுத்தி எழுத்தன் ஒருவன் பொறித்துவைத்த அந்தப் பலகையில், சதுரங்களைப் பற்றிய கணக்குகள் இருபதுக்கு மேல் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒரு சதுரத்தின் பரப்பையும் அதன் ஒரு பக்கத்தையும் சேர்த்தால் முக்கால் வருகிறது என்றால் அப்பக்கம் எவ்வளவு என்பது அவற்றுள் முதற் கணக்கு. விடை காணும் வழியும் அங்கேயே உள்ளது. ஒன்றைப் பாதியாக்கினால் அரை. அரையை அரையால் பெருக்கினால் கால். காலை முக்காலோடு கூட்டினால் ஒன்று. ஒன்றின் வர்க்கமூலம் ஒன்று. அதிலிருந்து முன்னே பெருக்கிய அரையைக் கழித்தால் மிஞ்சும் அரையே சதுரத்தின் பக்கம். உயர்நிலைப் பள்ளியில் இன்று நாம் வர்க்கப் பூர்த்தி என்று கற்பிக்கும் முறை, அணுவளவும் பிசகாமல், அந்த மண்ணில் இருக்கிறது.

இந்தப் பலகைகளை 1930களில் வாசித்து வெளியிட்ட நாய்கெபவர், துரோ-தான்ழான் முதலிய அறிஞர்கள், பாபிலோனியர் எண்களைக் கொண்டே யோசித்தவர்கள் என்று கருதினார்கள். பிற்காலத்தில் டென்மார்க்கு தேசத்தவரான யென்ஸ் ஹொய்ரப், அம்மூல மொழியின் வினைச்சொற்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவை வெட்டுவதையும் நகர்த்துவதையும் ஒட்டுவதையும் குறிப்பவை என்று விளக்கினார். அவர் காட்டும் வழியில் பார்த்தால், சதுரத்தின் ஓரத்தில் ஒன்று அகலமுள்ள செவ்வகம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் செவ்வகத்தை நெடுக இரு கூறாக்கி, ஒரு கூற்றை எடுத்துச் சதுரத்தின் அடிப்புறத்தில் பொருத்த, மூலையில் மட்டும் சிறு சதுரம் ஒன்று குறைவதாக ஒரு பெரிய சதுரம் உருவாகிறது. குறைந்த அந்த மூலையின் பரப்பு கால். அதை வைத்து நிரப்பிய மாத்திரத்தில் முழுச் சதுரத்தின் பரப்பு ஒன்றாகிறது. இந்த விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. கண்ணால் கண்டு கையால் நகர்த்திய ஓர் உருவத்திலேதான் இருபடிச் சமன்பாடு பிறந்தது. பிற்பட்ட காலத்தில் அது சூத்திரமாகச் சுருங்கி, எழுத்துக்களின் வரிசையாகி, உருவத்தைப் பறிகொடுத்தது. பறிகொடுத்த உருவத்தை வேறொரு வடிவில் பள்ளி மாணவனுக்கு மீட்டுத்தந்தது, மலிவு விலையில் அச்சிடப்பட்ட கட்டத்தாள். இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே கிடக்கும் நெடிய காலத்தின் கதையையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பரப்பையும் பக்கத்தையும் ஒன்றாகக் கூட்டவேண்டிய அவசியம் எந்த உழவனுக்கும் எந்த நில அளவைக்காரனுக்கும் நேர்வதில்லை என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். ஆகவே அக்கணக்கு வயலிலிருந்து வந்ததன்று. எடுப்பா என்று வழங்கிய எழுத்தர் பள்ளியிலே, மாணாக்கனின் புத்தியைத் தீட்டுவதற்காக ஆசிரியர் ஒருவர் கற்பித்துக்கொண்டதாகவே அது இருத்தல் வேண்டும். இருபடிச் சமன்பாடு தோன்றிய நாள் முதலே பள்ளிக்கூடத்துக்கு உரியது என்பதை அறியும்போது, இதனால் வாழ்க்கையில் என்ன பயன் என்று மாணவர்கள் தொன்றுதொட்டுக் கேட்டுவரும் கேள்வியும் அதற்கு இணையான பழமை உடையதாகத்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மனனம் செய்விக்கப்பட்ட எண்சுவடியின் குழிமாற்று இதற்கு நேர்மாறானது; பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கிக் குழி காண்பதும், நூறு குழி ஒரு மா என்றும் இருபது மா ஒரு வேலி என்றும் நிலத்தைக் கணக்கிடுவதும் அன்றாடக் காரியத்தை நேராகச் சார்ந்தவை. பக்கத்திலிருந்து பரப்புக்குச் செல்லும் வழி யாவருக்கும் வேண்டியது. பரப்பிலிருந்து பக்கத்துக்குத் திரும்பும் வழியோ, அதிலும் வேறு தொகைகள் கலந்து கிடக்கும்போது திரும்பும் வழி, தனியே ஒரு சாஸ்திரத்தை வேண்டி நின்றது.

அந்தச் சாஸ்திரத்துக்கு ஒழுங்கான நூல்வடிவம் தந்தவர், பாக்தாத் நகரில் கலீபா அல்-மாமூனின் ஆதரவில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி. கி.பி. 820ஆம் ஆண்டை ஒட்டி இயற்றப்பட்ட அவருடைய நூலின் பிற்பகுதி முழுவதும், இறந்தவரின் சொத்தை வாரிசுகள் மார்க்க விதிப்படி பங்கிட்டுக்கொள்ளும் கணக்குகளால் நிரம்பியது. முற்பகுதியில் அவர் எடுத்தாண்ட ஓர் உதாரணம், பின்வந்த பல நூற்றாண்டுகளுக்கு அராபிய நாடுகளிலும் ஐரோப்பாவிலும் ஆசிரியர்களின் கைக்கணக்காக நிலைத்துவிட்டது. ஓர் எண்ணின் வர்க்கமும் அவ்வெண்ணின் பத்து மடங்கும் சேர்ந்து 39 ஆகின்றன. எண் யாது என்பதே அது.

அவர் காட்டும் நிரூபணத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். தெரியாத எண்ணைப் பக்கமாக உடைய ஒரு சதுரத்தை வரைந்து, பத்து மடங்கு என்ற செவ்வகத்தை நான்கு சமமான பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் இரண்டரை அகலமுள்ளதாகச் சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் ஒட்டுகிறார். இப்போது உருவம் நான்கு மூலைகளிலும் குறைபட்டு, சிலுவைபோல நிற்கிறது. அதன் பரப்பு 39. ஒவ்வொரு மூலையும் இரண்டரைக்கு இரண்டரை, அதாவது ஆறேகால். நான்கு மூலைகளும் சேர்ந்து 25. அவற்றை நிரப்பினால் முழுச் சதுரம் 64. ஆகவே அதன் பக்கம் 8. இரு புறமும் ஒட்டிய இரண்டரையும் இரண்டரையுமாகிய ஐந்தை நீக்க, எண் 3. மூன்றின் வர்க்கம் ஒன்பது, பத்து மடங்கு முப்பது, கூடினால் முப்பத்தொன்பது. வர்க்கப் பூர்த்தி என்ற தொடரைச் செவியால் மட்டும் கேட்டுச் சூத்திரத்தை நெட்டுருப் போட்ட மாணவனுக்கு இந்தச் சித்திரத்தை ஒரு முறை வரைந்து காட்டினால், நிரம்பாமல் கிடந்த நான்கு மூலைகளே பூர்த்தி செய்யப்பட்டன என்பது அவனுக்கு அக்கணமே விளங்கிவிடும். ஆசிரியர்கள் இதைச் செய்யாமல் விடுவதற்குக் காலக்குறைவு ஒன்றே காரணமாக இருக்கமுடியும்.

எனினும் உருவத்தை நம்பிய அம்முறைக்கு ஓர் எல்லை இருந்தது. கணக்கின் மற்றொரு விடையாகிய குறை பதின்மூன்று அந்தச் சித்திரத்தில் இடம்பெற வழியில்லை. பூஜ்யத்துக்குக் குறைந்த பக்கமுடைய சதுரத்தை எவர் வரைவார்? அதனாலேயே அல்-குவாரிஸ்மி கழித்தலுக்குரிய உறுப்புக்களையெல்லாம் சமன்பாட்டின் மறுபக்கத்துக்கு மாற்றி, ஆறு வகைகளாகப் பிரித்து, வகைக்கு ஒரு விதி கூறவேண்டியதாயிற்று.

அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரத தேசத்தில் இந்த எல்லை கடக்கப்பட்டிருந்தது. இன்றைய ராஜஸ்தானத்தில் பின்மால் என வழங்கும் பில்லமாலத்தில் வாழ்ந்த பிரம்மகுப்தர், கி.பி. 628இல், தமது முப்பதாம் வயதில் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில், தனத்துக்கும் ருணத்துக்கும், அதாவது மிகை எண்ணுக்கும் குறை எண்ணுக்கும், பூஜ்யத்துக்கும் உரிய கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை வகுத்துத் தந்ததோடு, இருபடிச் சமன்பாட்டுக்குத் தீர்வு காணும் விதியையும் கூறினார். குறை எண்களை உறுப்புக்களாக ஏற்றுக்கொண்டபின் வகைக்கு ஒரு விதி என்ற தொல்லை ஒழிந்தது. தெரியாத எண்களை யாவத்தாவத் என்றும், இரண்டாவது மூன்றாவது தெரியாத எண்கள் வந்தால் கருமை, நீலம், மஞ்சள், செம்மை என நிறங்களின் பெயராலும் குறித்து, அப்பெயர்களின் முதலெழுத்தை மட்டும் எழுதி, குறை எண்ணின் தலையில் ஒரு புள்ளி வைத்து, இரு பக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கணக்கிடும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றியது. பல்லுறுப்புக் கோவை என்று நாம் சொல்லுவது, அந்த ஓலைகளில் ஏறக்குறைய இன்றைய தோற்றத்திலேயே காணப்படுகிறது. கோவையைக் கோவையால் வகுக்கும் நெடுமுறையோ, பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாக்தாதைச் சேர்ந்த அல்-சமவால் தமது நூலில் கெழுக்களை மட்டும் கட்டங்களில் இட்டுச் செய்துகாட்டியபோது முதிர்ச்சி பெற்றது. அவர் அந்நூலைப் பத்தொன்பது வயதில் எழுதினார் என்பது இன்றைக்கும் வியப்பளிக்கும் செய்தி.

பிரம்மகுப்தருக்கும் பாஸ்கரருக்கும் இடைப்பட்ட காலத்தவரான ஸ்ரீதராசாரியரின் பீஜகணித நூல் காலத்தால் அழிந்துபோயிற்று. ஆயினும் அதில் இருந்த ஒரு விதியைப் பாஸ்கராசாரியர் தமது நூலில் எடுத்துரைத்து வைத்ததால், அந்தப் பேராசிரியரின் பெயர் இன்னும் நம்மோடு வாழ்கிறது. வர்க்கத்தின் கெழுவை நான்கு மடங்காக்கி அதனால் இரு பக்கங்களையும் பெருக்கவேண்டும். பின்பு எண்ணின் கெழுவினுடைய வர்க்கத்தை இரு பக்கங்களிலும் கூட்டவேண்டும். உடனே ஒரு பக்கம் நிறைவர்க்கமாகிவிடும். அரையும் காலுமாகப் பின்னங்கள் இடையிலே முளைத்து மாணாக்கனை அலைக்கழிக்காமல் காப்பதற்கென்றே செய்யப்பட்ட யுக்தி இது. இன்றைய சூத்திரத்தில் வர்க்கமூலக் குறியின் உள்ளே நிற்கும் நான்கு மடங்கு என்ற உறுப்பைப் பார்க்கும்போதெல்லாம் நாம் நினைக்கவேண்டியவர் ஸ்ரீதரர்.

1114இல் பிறந்து, முப்பத்தாறாம் வயதில், 1150இல், சித்தாந்த சிரோமணியை நிறைவேற்றிய பாஸ்கராசாரியரிடத்தில் இக்கலை அதன் இளமையழகோடு விளங்குகிறது. லீலாவதி யாவரும் பெயரறிந்த நூல். அக்பர் சக்கரவர்த்தியின் விருப்பப்படி பைஸி அதனை 1587இல் பாரசீகத்தில் மொழிபெயர்த்தார். எனினும் நம் விஷயத்துக்கு முக்கியமானது பீஜகணிதம் என்னும் அடுத்த நூலே. அதிலே குரங்குக் கூட்டங்களைப் பற்றிய இரு கணக்குகள் உள்ளன. முதற் கணக்கில், கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கினுடைய வர்க்கம் சோலையிலே துள்ளி விளையாட, எஞ்சிய பன்னிரண்டு குரங்குகள் குன்றின்மேல் இருந்து ஆரவாரம் செய்கின்றன, மொத்தம் எத்தனை? பின்னத்தை நீக்கி ஒழுங்குசெய்தால், எண்ணின் வர்க்கத்திலிருந்து அறுபத்துநான்கு மடங்கைக் கழித்து 768ஐக் கூட்டப் பூஜ்யம் என்றாகும். ஸ்ரீதரர் வழியில் நான்கால் பெருக்கி 4096ஐ இரு பக்கமும் கூட்டினால், ஒரு பக்கத்தில் எண்ணின் இரு மடங்கிலிருந்து 64 நீங்கியதன் வர்க்கமும், மறுபக்கத்தில் 1024ம் நிற்கின்றன. 1024இன் மூலம் முப்பத்திரண்டு. அதனை மிகையாகவும் கொள்ளலாம், குறையாகவும் கொள்ளலாம். ஆகவே கூட்டம் நாற்பத்தெட்டு, அல்லது பதினாறு. நாற்பத்தெட்டில் எட்டில் ஒரு பங்கு ஆறு, அதன் வர்க்கம் முப்பத்தாறு, பன்னிரண்டோடு சேர நாற்பத்தெட்டு. பதினாறில் எட்டில் ஒரு பங்கு இரண்டு, வர்க்கம் நான்கு, பன்னிரண்டோடு சேரப் பதினாறு. இரண்டும் பொருந்துகின்றன, பாஸ்கரர் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுகிறார்.

இரண்டாம் கணக்கு இதைவிட நுட்பமானது. கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலே மூன்றைக் கழித்து, எஞ்சியதன் வர்க்கம் குகைக்குள் புகுந்துவிட்டது. ஒரே ஒரு குரங்கு மரக்கிளைமீது தென்படுகிறது. விதிப்படி செய்தால் ஐம்பது என்றும் ஐந்து என்றும் இரு விடைகள் வருகின்றன. ஐம்பதைப் பற்றித் தடையில்லை. ஐந்தை எடுத்துக்கொண்டால், அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒன்று. ஒன்றிலிருந்து மூன்றைக் கழித்தால் குறை இரண்டு. அதன் வர்க்கம் நான்கு. ஒன்றோடு சேர ஐந்து. எண்ணளவில் குற்றமில்லை, ஆனால் குறை இரண்டு குரங்குகள் என்பதற்கு உலகத்தில் பொருளில்லை. ஆதலின் இந்த விடை உலகோர் ஏற்கத்தக்கதன்று என்று பாஸ்கரர் அதனை விலக்கிவிடுகிறார். விதி தந்த விடையையும் வாழ்க்கை ஏற்கும் விடையையும் வேறுபிரித்து, முதலாவதை மறைக்காமல் எழுதிக்காட்டி, பிறகு காரணம் சொல்லித் தள்ளிய இந்த நேர்மை, என் அபிப்பிராயத்தில், அந்நூலின் தலைசிறந்த இடங்களில் ஒன்று. ஆனால் ஏன் இரண்டு விடைகள் தோன்றவேண்டும், ஒரு கணக்கில் இரண்டும் நிலைக்க மற்றொன்றில் ஒன்று மட்டும் தள்ளுண்பானேன் என்பவற்றை ஒரே பார்வையில் காட்டவல்ல சித்திரம் அவர் கையில் இல்லை.

அந்தச் சித்திரத்துக்கு வேண்டிய வளைவரையோ, அவருக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு நாட்டில் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு கனசதுரத்தை அளவில் இரட்டிப்பாக்கும் வழியைத் தேடிய கிரேக்கராகிய மெனேக்மஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டில், கூம்பைத் தளத்தால் வெட்டினால் தோன்றும் வளைவரைகளைக் கண்டார். அவற்றுள் ஒன்று பரவளையம். ஆர்க்கிமிடீஸ், பரவளையத்தில் ஒரு நாண் வெட்டிக்கொடுக்கும் துண்டின் பரப்பு, அதனுள் பொருந்தும் முக்கோணத்தின் பரப்பைப்போல் ஒன்றே மூன்றிலொரு மடங்கு என்று நிறுவினார். பெர்கா நகரத்து அப்பல்லோனியஸ் எட்டுப் புத்தகங்களில் இவ்வளைவரைகளின் குணங்களையெல்லாம் தொகுத்தார். அவற்றுள் நான்கு கிரேக்கத்திலும், மூன்று அராபிய மொழிபெயர்ப்பிலும் தப்பிப் பிழைக்க, எட்டாவது மறைந்தது. இவ்வளவு ஆழ்ந்து ஆராய்ந்த அப்பெருமக்களுக்கும் பரவளையம் கூம்பின் ஒரு வெட்டுமுகமாகவே இருந்தது. ஒரு சமன்பாட்டின் உருவமாக அதை அவர்கள் நோக்கவில்லை.

சமன்பாடு, வளைவரை என்னும் இரு ஆறுகளும் முதன்முதல் அருகருகே வந்தது சமர்க்கந்தில். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தீந்தமிழால் நமக்குக் கவிஞராகவே அறிமுகமான உமர் கய்யாம், 1070ஆம் ஆண்டை ஒட்டி அந்நகரில் இருந்து எழுதிய நூலில், முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் இரு வளைவரைகளை வரைந்து அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் விடையைக் கண்டார். ஒரு கனமும் சில பக்கங்களும் ஓர் எண்ணுக்குச் சமமாகும்போது, ஒரு பரவளையமும் ஓர் அரைவட்டமும் சந்திக்கும் புள்ளியே விடையைத் தருகிறது என்று அவர் காட்டியதில், வெட்டும் புள்ளியே தீர்வு என்னும் கருத்து முழுமையாக இருக்கிறது. அச்சுக்கள் இல்லை; குறை எண்ணுக்கு இடமில்லை; ஆயினும் கருத்து பிறந்துவிட்டது.

ஐரோப்பாவில் இதன் பின்வந்த வளர்ச்சியை விரித்துரைத்த நூல்கள் பல இருத்தலால் சுருங்கச் சொல்லி அமைகிறேன். 1545இல் கார்டானோ முப்படிக்கும் நாற்படிக்கும் தீர்வுகளை அச்சேற்றினார். 1591இல் வியெத் தெரிந்தவற்றையும் தெரியாதவற்றையும் எழுத்துக்களால் குறித்தார். 1637இல் தேகார்த் தமது தத்துவ நூலுக்கு அனுபந்தமாக வெளியிட்ட ஜியோமெத்ரியில் வளைவரைக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள உறவு நிலைநாட்டப்பெற்றது. பெர்மாவும் அதே காலத்தில் தம் வழியில் அதே உண்மையை அடைந்து, கையெழுத்துப் பிரதியாக நண்பர்களுக்கு அனுப்பினார். தேகார்த்தின் நூல் ஹாலந்து தேசத்து லைடன் நகரத்தில் அச்சாயிற்று. மறு வருஷம், 1638இல், அதே லைடனில் கலிலியோவின் இறுதி நூல் வெளிவந்தது. எறியப்பட்ட பொருள் காற்றின் தடையில்லாவிடில் பரவளையப் பாதையிலேயே செல்லும் என்பது அதிலே நிறுவப்பட்டிருந்தது. கூம்பிலிருந்த வளைவரை ஒரே ஊரில், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில், சமன்பாட்டுக்குள்ளும் இயற்கைக்குள்ளும் ஒருங்கே புகுந்தது.

இவ்வளவும் நடந்து முடிந்தபின், அந்த அறிவு பள்ளிக்கூடத்து வாயிலைத் தாண்ட இன்னும் இருநூற்றறுபது ஆண்டுகள் பிடித்தன என்பதுதான் சிந்திக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பள்ளிப் பீஜகணிதப் புத்தகங்களில் பெரும்பாலானவை காரணிப்படுத்துதலும் சுருக்குதலுமாகிய பயிற்சிகளால் நிறைந்திருந்தன. வடிவகணிதமோ யூக்ளிடின் தனி ராஜ்யமாக இருந்தது. 1855இல் யாழ்ப்பாணத்தில் கறல் விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணிதம் என்னும் நூலை வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகச் சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சேர்த்து எண்ணப்படுபவர் அவர். எழுத்துக்களைக் கொண்டு கணக்கிடும் மேல்நாட்டு முறை, ஆங்கிலம் அறியாத மாணவனையும் எட்டவேண்டும் என்று அத்தனை முற்பட அவர் கருதியது போற்றத்தக்கது. சூத்திரங்களின் வரிசையே கல்வியாக இருந்த அக்காலப் போக்கின் உச்சத்தைக் கும்பகோணத்தில் காண்கிறோம். நகர உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்த இராமானுஜன், 1902இல் முப்படிச் சமன்பாட்டின் தீர்வைக் கற்றுக்கொண்டதும், நாற்படிக்குத் தாமே ஒரு வழி கண்டார். ஐந்தாம் படிக்கு அத்தகைய பொதுச் சூத்திரம் இருக்கவே இயலாது என்று 1824இல் நார்வே தேசத்து ஆபெல் நிறுவியிருந்ததை அறியாதவராய், அதனோடும் போராடிப் பார்த்தார். 1903இல் அவர் கைக்கு வந்த, கார் என்பவரின் தொகுப்பு நூல் ஏறக்குறைய ஐயாயிரம் சூத்திரங்களின் அடுக்கு. ஒரு மகாமேதைக்கு அது போதுமானதாயிற்று. வகுப்பில் உடனிருந்த மற்றப் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு தாள். புள்ளிகளைக் குறித்து வளைவரை வரைவதற்கு ஒரே அளவான சிறு கட்டங்கள் வேண்டும். அவற்றைக் கையால் வரைந்துகொண்டிருந்தால் பாட நேரம் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். கட்டமிட்ட தாள் 1790களிலேயே இங்கிலாந்தில் அச்சாகிவிட்டதெனினும், நெடுங்காலம் அது வானிலை ஆராய்ச்சியாளர், பொறியியலார் போன்றோரின் மேஜையோடு நின்றது. அதனைப் பள்ளிக்குக் கொண்டுவரவேண்டும் என்று விடாது வாதாடியவர்களுள் முதன்மையானவர் ஜான் பெர்ரி. அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த அவர், 1875 முதல் நான்கு ஆண்டுகள் ஜப்பான் தேசத்து டோக்கியோ நகரப் பொறியியற் கல்லூரியிலே ஆசிரியராக இருந்தார். திரும்பி வந்து லண்டனில் பின்ஸ்பரி தொழிற்கல்லூரியில் இயந்திரத் தொழில் பயிலும் இளைஞர்களுக்குக் கற்பித்தபோது, கட்டத்தாளை இன்றியமையாத கருவியாக்கிக்கொண்டார். பட்டறையில் நாள் முழுதும் உழைத்துவிட்டு மாலையில் பாடம் கேட்க வரும் ஒருவனை, யூக்ளிடின் முதற் புத்தகத்திலிருந்து படிப்படியாக ஏறி வா என்று சொல்லுவது அநியாயம் என்பது அவர் கொள்கை. 1901 செப்டம்பரில் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் சங்கத்தின் மாநாட்டில் அவர் ஆற்றிய உரை பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் மூர் என்னும் கணித அறிஞர் அதனை வழிமொழிந்து பேசினார். 1905இல் ஜெர்மனியில் பெலிக்ஸ் கிளைன் முதலியோர் வகுத்த மெரான் பாடத்திட்டம், சார்பு என்னும் கருத்தையும் அதன் வரைபடத்தையும் பள்ளிக் கணிதத்தின் நடுவிடத்தில் வைத்தது. யூக்ளிடின் கண்டிப்பை இழந்துவிடுவோம் என்று அஞ்சியோர் பலர். அவர்களுடைய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் பெர்ரி எந்தப் பிள்ளைகளை மனத்திற்கொண்டு பேசினாரோ அந்தப் பிள்ளைகள் எண்ணிக்கையில் மிகப் பலர். நியாயம் அவர்கள் பக்கமே இருந்தது.

இன்று தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் வரைபடக் கணக்குக்குப் பயிற்சி பெற்றே செல்லுகிறார்கள். எட்டு மதிப்பெண்ணுக்குரிய அந்த வினாவை ஆசிரியர்கள் கைவிட விடுவதில்லை. எண்ணுக்கு ஒரு வரிசை, அதன் வர்க்கத்துக்கு ஒரு வரிசை, பிற உறுப்புக்களுக்கு வரிசைகள், இறுதியில் கூட்டுத்தொகை என்று அட்டவணை இட்டு, கிராஃப் தாளின் மூலையில் அளவுத்திட்டம் எழுதி, புள்ளிகளைப் பென்சிலால் குறித்து, அளவுகோல் படாமல் வெறுங்கையால் அவற்றை இழைவாக இணைக்கிறார்கள். இணைக்கும் கை நடுங்கினால் வளைவரை முறிந்துபோகும். பிறகு, வரைந்த கோவையிலிருந்து தீர்க்கவேண்டிய சமன்பாட்டைக் கழித்தால் வர்க்க உறுப்பு நீங்கி ஒரு நேர்கோட்டின் சமன்பாடு எஞ்சுகிறது; அந்தக் கோட்டை அதே தாளில் வரைந்து, அது பரவளையத்தை வெட்டும் இடங்களிலிருந்து எக்ஸ் அச்சுக்கு இறங்கி விடையை வாசிக்கிறார்கள். உமர் கய்யாம் பரவளையத்தையும் வட்டத்தையும் கொண்டு செய்ததை, அவர்கள் பரவளையத்தையும் நேர்கோட்டையும் கொண்டு செய்கிறார்கள். ஆனால் பல வகுப்பறைகளில் இது அட்டவணையை நிரப்பும் சடங்காகவே முடிந்துவிடுகிறது. வரைந்த உருவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் நேரம் கிடைப்பதில்லை. கேட்கத் தகுந்த கேள்விகளோ பாஸ்கரரிடத்தில் நிரம்ப உள்ளன.

சோலைக் குரங்குகளின் கணக்கையே கட்டத்தாளில் இட்டுப் பார்க்கலாம். கூட்டத்தின் அளவைக் கிடையச்சில் கொண்டு, எட்டில் ஒரு பங்கின் வர்க்கத்தோடு பன்னிரண்டைக் கூட்டி, அதிலிருந்து கூட்டத்தின் அளவைக் கழித்து வருவதை நிலையச்சில் குறித்தால், வளைவரை பூஜ்யத்துக்கு நேரே பன்னிரண்டு என்ற உயரத்தில் தொடங்கி, பதினாறில் அச்சைக் கடந்து கீழிறங்கி, முப்பத்திரண்டுக்கு நேரே குறை நான்கு என்ற ஆழத்தைத் தொட்டு, மறுபடி ஏறி நாற்பத்தெட்டில் அச்சைக் கடக்கிறது. இறங்கியது ஏறவேண்டியிருத்தலால் அச்சை இருமுறை வெட்டுகிறது. விடைகள் முப்பத்திரண்டுக்கு இரு புறமும் சம தூரத்தில் நிற்கின்றன. குன்றின்மேல் பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதினாறு குரங்குகள் இருந்தால் வளைவரை முழுவதும் நான்கு அலகு உயர்ந்து அச்சை முப்பத்திரண்டில் தொட்டு மீளும்; விடை ஒன்றே. இருபது குரங்குகள் இருந்தால் அது அச்சைத் தொடாமலே மேலே நின்றுவிடும்; அப்படிப்பட்ட கூட்டம் எதுவும் இல்லை. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று பாஸ்கரர் கூறியது, இந்தத் தாளில், அச்சுக்கும் வளைவரையின் அடிமுனைக்கும் இடையே தெரியும் நான்கு அலகு இடைவெளியாக இருக்கிறது.

குகைக் கணக்கை வரையும்போது இன்னும் ஒன்று தெரியவருகிறது. ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றை நீக்கியதன் வர்க்கத்தைப் பரவளையமாகவும், கூட்டத்தில் ஒன்று குறைந்ததை நேர்கோடாகவும் வரைந்தால், பரவளையத்தின் அடிமுனை பதினைந்தில் அச்சின்மேல் அமர்கிறது. நேர்கோடு ஐந்திலும் ஐம்பதிலும் அதனை வெட்டுகிறது. பதினைந்துக்கு வலப்புறமுள்ள கிளையில், வர்க்கமாக்கப்படும் எண் மிகையானது. இடப்புறமுள்ள கிளையில் அது குறையானது. பாஸ்கரர் ஏற்றுக்கொண்ட ஐம்பது வலக்கிளையில் இருக்கிறது. அவர் விலக்கிய ஐந்து இடக்கிளையில் இருக்கிறது.